பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: விண்டோஸையும் வைத்துக்கொண்டு போடுவது எப்படி?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் மடிக்கணினியின் செயலியை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். வன்பொருள் விவரம் இது:

செயலி இன்டெல் கோர் ஐ3-4005யு. ரேம் 4 ஜிபி, ஒரே குச்சி. இரண்டாவது ஸ்லாட் காலி. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சுழலும் வகை. சி 180 ஜிபி, டி 285 ஜிபி. டிவிடி டிரைவ் உண்டு. வைஃபை பிராட்காம் 43142. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் யூஇஎஃப்ஐ என்றும் செக்யூர் பூட் ஆன் என்றும் காட்டுகிறது.

டேலி (கணக்குப் பதிவு மென்பொருள்) ஓட வேண்டும் என்பதால் விண்டோஸை அழிக்க முடியாது. மற்ற வேலை எல்லாம் உலாவி, லிப்ரெஆஃபிஸ், தமிழ் தட்டச்சு.

1. 4 ஜிபி-க்கு மின்ட்டின் கனமான மேசையான சின்னமன் பதிப்பு தாங்குமா, இல்லை இலகுவான எக்ஸ்எஃப்சிஇ-தான் கதியா?
2. சி-யில் 90 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்தால் 11 ஜிபி-க்கு மேல் தர மறுக்கிறது. ஏன்?
3. தமிழ்99 விசைப்பலகை சரியாக வேலை செய்யுமா? பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் நிறைய உள்ளன.
4. கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் ஓடுமா?

—

கணிமரம்:

முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் டிஸ்கைப் பற்றிப் பேசிவிடலாம். இந்தக் கணினியை மந்தமாக்குவது ரேமைவிட அந்தச் சுழலும் டிஸ்க்தான். இயங்குதளம் எழும்போதும் உலாவி திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டிஸ்கின் முள் இடம்விட்டு இடம் நகர வேண்டும். எந்த லினக்ஸைப் போட்டாலும் இந்தத் தாமதம் போகாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 அல்லது 256 ஜிபி, 7 மில்லிமீட்டர் தடிமன், அது போதும். கடையில் எம்.2 வகையைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். இந்தத் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அதை மாட்ட இடமே கிடையாது.

அடுத்து ரேம். நான்காம் தலைமுறையின் யு வகைச் செயலிக்கு டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் குச்சி வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 குச்சியும் அதே 204 முனைதான், ஸ்லாட்டில் ஒழுங்காக உட்காரும். ஆனால் கணினி எழாமல் போகலாம். ஸ்டிக்கரில் பிசி3எல்-12800 என்று இருக்க வேண்டும். அந்த ‘எல்’ எழுத்துதான் முக்கியம். இன்னொரு 4 ஜிபி போட்டால் இரட்டைச் சேனலும் கிடைக்கும். உள்ளமை கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது என்பதால் அதற்கும் இது கைகொடுக்கும்.

இப்போது பதிப்பு. மின்ட்டின் அதிகாரபூர்வக் குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம், பரிந்துரை 4 ஜிபி. டிஸ்க் குறைந்தது 20 ஜிபி, பரிந்துரை 100 ஜிபி. எதையும் திறக்காத நிலையில் சின்னமன் ஏறக்குறைய 1 ஜிபி-க்கு மேல் எடுக்கும். எக்ஸ்எஃப்சிஇ அதைவிடச் சில நூறு எம்பி குறைவாக எடுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். உலாவியில் நாலைந்து கனமான தாவல்களைத் திறந்ததும் அந்த மிச்சம் போய்விடும். ஆகவே 8 ஜிபி ஆக்கினால் சின்னமன், 4 ஜிபி-யிலேயே நிற்பதாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ. மாட்டே இரண்டுக்கும் நடுவில்; பழைய க்னோம் 2 பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது.

4 ஜிபி-யிலேயே ஓட்டுவதானால் சினாப்டிக்கில் (மென்பொருள் நிறுவும் கருவி) ‘இசட்ரேம்-டூல்ஸ்’ பொதியை நிறுவுங்கள். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) மாற்றும். டிஸ்கில் எழுதுவதைவிட இது பல மடங்கு வேகம். செயலிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனாலும் லாபமே.

மின்ட்டின் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு 2029 ஏப்ரல் வரை வரும். 22.1, 22.2 என்று வருவதெல்லாம் அதே வரிசையின் திருத்தப் பதிப்புகள். இறக்கும் நாளில் தளத்தில் கடைசியாக எது இருக்கிறதோ அதை எடுங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பு (மின்ட்டின் நிறுவல் நகல்) 3 ஜிபி-க்குச் சற்று முன்பின் இருக்கும். இறக்கியதும் எஸ்ஹெச்ஏ 256 கூட்டெண்ணைச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்த ஒருவர், 17.3 சின்னமன் இறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ பக்கம் திருப்பிவிட்டார். கூட்டெண் மட்டும் பொருந்துவது கோப்பு முழுதாக இறங்கியதற்குத்தான் சாட்சி. கோப்பை வெளியிட்டது மின்ட் குழுதானா என்று அறிய, கூட்டெண் கோப்போடு வரும் ஜிபிஜி கையொப்பத்தையும் பார்க்க வேண்டும். இறங்கும்போது பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ-தான் நிறுவலின் நடுவே வரும் புரியாத பிழைகளுக்கு வழக்கமான காரணம். அது கூட்டெண்ணிலேயே பிடிபட்டுவிடும்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். எழுத ரூஃபஸ் அல்லது பலேனாஎட்சர். ஐஎஸ்ஓ-வை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது வேண்டாம். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ.

பென்டிரைவிலிருந்து எழுப்பினால் லைவ் முறையில் மேசை வரும். உடனே நிறுவும் ஐகானை அழுத்த வேண்டாம். ஒலி, வெளிச்சம் கூட்டிக்குறைக்கும் விசைகள், டச்பேட், வெப்கேம் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்து தூக்கநிலையிலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பதையும் பாருங்கள். பின்னால் தலைவலி தருவது பெரும்பாலும் இந்தக் கடைசிதான்.

—

டெர்மினல்தம்பி:

கணிமரம் அண்ணன் சொன்னதோட சேர்த்து ஒண்ணு. டிவிடி டிரைவ் இருக்குன்னு சொல்றீங்களே, அதைக் கழட்டிட்டு ஹார்ட் டிஸ்க் கேடி (அந்த இடத்துல டிஸ்கை மாட்டுற சட்டம்) போடுங்க. புது எஸ்எஸ்டி-யை உள்ளே மெயின் இடத்துல மாட்டிட்டு, விண்டோஸ் இருக்கிற பழைய டிஸ்கை கேடியில தள்ளிடுங்க. தலைகீழா மாட்டாதீங்க. பல மாடல்ல டிவிடி பக்கத்து சாட்டா இணைப்பு 3 ஜிகாபிட் வேகம்தான், எஸ்எஸ்டி அங்கே வீணாப் போயிடும். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர்னு ரெண்டு தடிமன்ல வரும். டிவிடி டிரைவைக் கழட்டி அளந்துட்டு வாங்குங்க.

இப்படிச் செஞ்சா உங்க ரெண்டாவது கேள்வியே அடிபட்டுப் போகுது. எதையும் சுருக்க வேண்டாம், விண்டோஸ் டிஸ்கைத் தொடவே வேண்டாம்.

முக்கியமான விஷயம்: மின்ட் போடும்போது விண்டோஸ் டிஸ்கை முழுசாக் கழட்டி வெளியே வெச்சிடுங்க. ‘வேற டிஸ்கைத்தானே காட்டப்போறேன், இது இருந்தா என்ன’ன்னு விட்டா, மின்ட் நிறுவி ஒரு வேலை செய்யும். நீங்க பூட்லோடருக்கு (இயங்குதளத்தை எழுப்புற நிரல்) எந்த டிஸ்கைக் காட்டினாலும், யூஇஎஃப்ஐ முறையில அது முதல் டிஸ்க்ல ஏற்கெனவே இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல போய் எழுதிடும். ரொம்ப நாளா இருக்கிற பழக்கம் அது. அப்புறம் என்னைக்காவது பழைய டிஸ்கைக் கழட்டினா மின்ட்டும் எழாது. டிஸ்க் ஒண்ணே ஒண்ணு மட்டும் மாட்டியிருந்தா தப்புக்கு இடமே இல்லை. ‘எரேஸ் டிஸ்க்’ கொடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம்.

போட்டு முடிச்சதும் பழைய டிஸ்கை கேடியில மாட்டி, மின்ட்ல டெர்மினல் திறந்து ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்க. மின்ட்ல மத்த இயங்குதளத்தைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபர் திறந்தே இருக்கும், விண்டோஸ் பேரும் பூட் பட்டியல்ல வந்திடும். உபுண்டுல இதை மூடி வெச்சிருக்காங்க, அதைப் பார்த்துக் குழம்பிக்காதீங்க. வரலைன்னா கணினியோட பூட் மெனுவுலயே தேர்வு செஞ்சுக்கலாம். டெல், லெனோவோ, ஏசர்ல பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி-ல எஃப்9. ஏசர்ல மட்டும் அந்த எஃப்12 மெனுவை முதல்ல பயாஸ்ல போய் ஆன் பண்ணணும்.

கேடி வாங்க வசதிப்படலைன்னா, ஒரே டிஸ்க்ல வைக்கிற வழி சொல்றேன். சி 11 ஜிபி-தான் தருதுன்னா, நகர்த்த முடியாத கோப்பு நடுவுல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில், சிஸ்டம் ரீஸ்டோர் நகல்கள், என்டிஎஃப்எஸ்-ஓட எம்எஃப்டி (கோப்பு அட்டவணை) இதெல்லாம் இருக்கிற இடத்துக்கு முன்னாடி விண்டோஸால சுருக்க முடியாது. காலி இடம் எவ்வளவு இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டாது. முதல் மூணையும் தற்காலிகமா அணைச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா கொஞ்சம் கூடும். ஆனா அந்தக் கஷ்டமே எதுக்கு? டி-யைச் சுருக்குங்க. அதுல பேஜ்ஃபைல் கிடையாது, எளிதா விட்டுக்கொடுக்கும். அங்கே 100 ஜிபி எடுத்து, அதை எதுவும் ஃபார்மேட் செய்யாம ‘அன்அலோகேட்டட்’ஆவே விட்டுடுங்க. நிறுவியில ‘சம்திங் எல்ஸ்’ போய், அந்தக் காலி இடத்தைத் தேர்ந்து, இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட் ‘/’ கொடுத்தா முடிஞ்சது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் விண்டோஸ் வெச்ச 100 எம்பி-யே போதும். லினக்ஸ் கெர்னல் அங்கே போகாது, பூட்லோடர் சில எம்பி-தான். அதை ஃபார்மேட் பண்ணச் சொல்லி டிக் மட்டும் வெச்சிடாதீங்க, விண்டோஸ் எழாது.

ரெண்டு வழிக்கும் பொது: விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைச்சே ஆகணும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற பக்கம், அங்கே டிக்கை எடுங்க. அது இருந்தா ஷட்டவுன் பண்ணினாலும் விண்டோஸ் பாதி உறக்கத்துலதான் கிடக்கும். மின்ட்ல இருந்து டி-யைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

—

கணிமரம்:

தம்பி சொன்ன கேடி வழியே எனக்கும் சரி என்று படுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் கேடியில் உள்ள டிஸ்கைப் பயாஸ் பூட் சாதனமாகக் காட்டாது. அப்போது க்ரப் (மின்ட்டின் பூட்லோடர்) பட்டியலிலும் விண்டோஸ் எழாமல் போகலாம். விண்டோஸ் டிஸ்கைக் கேடியில் மாட்டி, மின்ட் போடும் முன்பே, அங்கிருந்து விண்டோஸ் எழுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கைக் குறியீடாக்கிப் பூட்டும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனில் இருந்தால், பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்ட மறுகணம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. டேலி தரவின் நகல் ஒன்று வெளி டிஸ்கிலும் இருக்கட்டும்.

—

எழுத்தாணி99:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மின்ட்டில் தமிழ் விசைப்பலகை இரண்டு இடங்களில் கிடைக்கும். பலர் தவறான இடத்தில் தேடி, ‘லினக்ஸில் தமிழ்99 சரியில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கீபோர்டு அமைப்பில் லேஅவுட் சேர்க்கும் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 பெயரில் மூன்று நான்கு வரும். அவற்றில் டேப், டிஸ்கி என்ற பின்னொட்டு உள்ளவை பழைய குறியேற்றங்கள். யூனிகோட் ஆவணத்தில் அவற்றால் குப்பைதான் வரும். யூனிகோட் லேஅவுட்டாக இருந்தாலும் அந்த அடுக்கில் ஒரு விசைக்கு ஒரு குறிதான். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அது பார்க்காது. தமிழ்99-இன் உயிரே அதில்தான் இருக்கிறது: ‘க’வை இருமுறை அடித்தால் ‘க்க’ ஆக வேண்டும்; ‘ந’வை அடுத்து ‘த’ வந்தால் புள்ளி தானாக விழுந்து ‘ந்த’ ஆக வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் வந்த தர விசைப்பலகையின் விதிகள் இவை. இவற்றுக்கு உள்ளீட்டுமுறை வேண்டும். வெறும் லேஅவுட் போதாது.

செய்ய வேண்டியது: சினாப்டிக்கில் ‘ஐபஸ்-எம்17என்’ பொதியை நிறுவுங்கள். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸ் என்று தேர்வு செய்யுங்கள். பிறகு லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். சாளரத்தை மூடித் திறப்பது போதாது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு மாற்றம் தெரியாது. ஐபஸ் பிரெஃபரன்ஸில் இன்புட் மெத்தட் தாவலில் ‘ஆட்’ கொடுத்து, தமிழுக்குள் ‘தமிழ்99 (எம்17என்)’ சேர்க்கவும். மொழி மாற்ற சூப்பர் விசையும் ஸ்பேஸும். அதே பட்டியலில் ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் ஆகியவையும் இருக்கும்.

புள்ளி விசை ஆங்கில எஃப் இருக்கும் இடம். கிரந்தம் ஷிஃப்ட்டோடு மேல்வரிசையில்: க்யூ-வில் ஸ, டபிள்யூ-வில் ஷ, இ-யில் ஜ, ஆர்-இல் ஹ. விண்டோஸின் இ-கலப்பை தட்டச்சு மென்பொருளில் அஞ்சல் முறைக்குப் பழகியவர்களுக்கு எம்17என் ஃபொனெடிக் சில இடங்களில் கைமாறும். அவர்கள் கீமேன் போட்டுக்கொள்ளலாம், லினக்ஸுக்கும் உண்டு.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்றவை உண்டு, இல்லாவிட்டால் சினாப்டிக்கிலேயே கிடைக்கும். லதாவும் நிர்மலா யுஐ-யும் மைக்ரோசாஃப்ட்டின் சொத்து, மின்ட்டில் வராது. எம்எஸ் கோர் ஃபான்ட்ஸ் பொதியைப் போட்டாலும் ஏரியல், டைம்ஸ் வருமே தவிர லதா வராது. லதாவில் செய்த ஆவணம் வேறு எழுத்துருவில் திறக்கும்; எழுத்து அகலம் மாறி வரிகள் உடைந்து, இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகும். லிப்ரெஆஃபிஸ் ஆப்ஷன்ஸில் ஃபான்ட்ஸ் பகுதியில் மாற்று அட்டவணை உள்ளது. லதாவுக்குப் பதிலாக எதைக் காட்ட வேண்டும் என்று அங்கே நிரந்தரமாகச் சொல்லிவிடலாம். அதே ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை ஆன் செய்து தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் தமிழ் எழுத்துருவின் அளவை மாற்றுகிறோம் என்று நினைத்து ஆங்கிலத்தின் அளவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பாமினி வேறு கதை. அந்தக் கோப்பில் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. படிக்கவும் அச்சிடவும் மட்டும் என்றால் எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும், ஆவணம் பழையபடி தெரியும். ஆனால் ‘திருநெல்வேலி’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. இனி திருத்தப்போகும் ஆவணங்களையாவது யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

மாற்றுவதற்கு இணையத்தில் மாற்றிகள் உண்டு. கோப்புகள் நூற்றுக்கணக்கில் என்றால் ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகத்தில் பாமினி, டிஸ்கி உள்ளிட்ட பழைய குறியேற்றங்களை மாற்றும் பகுதி இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, நடுநடுவே டைம்ஸ் எழுத்துருவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எழுத்துரு தெரியாது, அவற்றையும் தமிழாக்கிக் குதறிவிடும். ஆகவே பத்தி பத்தியாக, ஆங்கிலத்தை விலக்கி மாற்றுங்கள். மற்றொன்று ஔகாரம். பாமினியில் ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும், ‘ள’ போன்ற வடிவம் அதற்கும் பின்னால் வரும். அந்த ‘ள’ உண்மையான ளகரமா, ஔகாரக் குறியா என்று மாற்றி ஊகிக்கத்தான் முடியும். ‘கெளரவம்’ என்று ளகரத்தோடு இருப்பதும் ‘கௌரவம்’ என்று இருப்பதும் கண்ணுக்கு ஒன்று. தேடலுக்கு வேறு வேறு. மாற்றிய பின் இதை மட்டும் தேடிப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

—

அச்சுக்கோப்பு:

எல்பிபி 2900 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. நேராகச் சொல்கிறேன்: ஓடும், ஆனால் நிம்மதியாக ஓடாது. அது கேனானின் சொந்தக் கேப்ட் நெறிமுறையில் பேசும் பிரிண்டர். பக்கத்தை அச்சுக்கேற்ப மாற்றும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் கட்டும் வகை. மின்ட்டில் தயாராக இருக்கும் டிரைவர்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. கேனானே வெளியிட்ட லினக்ஸ் டிரைவரில் பொதுப் பொதி, கேப்ட் பொதி என இரண்டு டெப் கோப்புகள் உண்டு. இரண்டையும் அதே வரிசையில் நிறுவ வேண்டும். அதன் சில பகுதிகள் 32 பிட் நூலகங்களைக் கேட்கும். அவை இல்லாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், வேலையும் வரிசையில் நிற்கும், காகிதம் மட்டும் நகராது. எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் கொடுமை.

அதோடு சிசிபிடி என்ற பின்னணிச் சேவையில் பிரிண்டரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பிரிண்டரை அணைத்துப் போட்டால் அந்தச் சேவை சில நேரம் விழித்துக்கொள்ளாது. சேவையை மறுதொடக்கம் செய்தால் வரும். கெர்னல் புதுப்பித்த பின் வேலை செய்யவில்லை என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்தச் சேவைச் சிக்கல்தான்.

விண்டோஸை எப்படியும் வைத்திருக்கப் போகிறீர்கள். மாதத்துக்குப் பத்துப் பக்கம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அங்கிருந்து அச்சிடுங்கள். இந்த டிரைவரோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கு அது மலிவு. புதிதாக வாங்கும்போது டிரைவர் இல்லாமலே ஐபிபி-யில் (பிரிண்டர்களின் பொது நெறிமுறை) இயங்கும் மாடலாகப் பாருங்கள். பெட்டியில் ஏர்பிரின்ட் என்று போட்டிருந்தால் அநேகமாக லினக்ஸிலும் கேட்காமலே ஓடும்.

வேறு யாராவது ஹெச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருந்தால்: அது எல்பிபி 2900 அளவுக்கு மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். அதற்கு ஹெச்பியின் லினக்ஸ் டிரைவரான ஹெச்பிலிப்போடு அதன் தனியுரிமைப் பிளக்இன்னும் தேவை. ஹெச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் பிளக்இன்னின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹெச்பிலிப் புதுப்பிக்கப்பட்டதும் பிரிண்டர் மௌனமானால் பிளக்இன்னை மறுபடி இறக்குங்கள்.

—

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கேடி வழியில் சின்னமன் போட்டாயிற்று. இரண்டும் எழுகின்றன, க்ரப் பட்டியலில் விண்டோஸ் வருகிறது. தமிழ்99-உம் சரி.

இரண்டு சிக்கல்: வைஃபை இல்லை. டிரைவர் மேனேஜரில் பிராட்காம் டிரைவர் நிறுவப்பட்டதாகவே காட்டுகிறது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது. மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து சில நொடியில் போய்விட்டது. இரண்டாவது, மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது.

—

டெர்மினல்தம்பி:

அந்த நீலத்திரைதான் விஷயமே. செக்யூர் பூட் ஆன்ல இருக்கிறப்ப, கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏத்தாது. பிராட்காம் டிரைவரை உங்க கணினியிலேயே கட்டி, உங்க கணினியோட சாவியாலதான் கையொப்பம் போடுறாங்க. அந்தச் சாவியை நம்பலாமான்னு கேட்கத்தான் நீலத்திரை. பத்து நொடியில எந்த விசையையும் அழுத்தலைன்னா அதுவா போயிடும், சாவி பதிவாகாது.

டிரைவர் மேனேஜர்ல பிராட்காமை எடுத்துட்டு மறுபடி போடுங்க. கேட்டா திரும்ப ஒரு கடவுச்சொல் கொடுங்க, அது ஒரு தடவைக்குத்தான், எளிதா இருக்கட்டும். ரீஸ்டார்ட்ல நீலத்திரை வந்ததும் ஏதாவது விசை அழுத்தி, ‘என்ரோல் மாக்’, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ‘ரீபூட்’. மறுபடி கேட்காமலே போச்சுன்னா பயாஸ்ல செக்யூர் பூட்டை அணைச்சுடுங்க, டிரைவர் உடனே ஏறிடும். பிட்லாக்கர் இல்லைன்னு உறுதி பண்ணிட்டீங்கன்னா விண்டோஸ் 10-க்கு அதனால ஒண்ணும் ஆகாது.

இதுக்கு நடுவுல இணையம் வேணும்னா ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. மின்ட் அதை லேன் கேபிள் மாதிரியே எடுத்துக்கும், டிரைவர் எதுவும் வேண்டாம். அதுவும் இல்லைன்னா மின்ட் பென்டிரைவை மாட்டினாப் போதும், டிரைவர் மேனேஜர் அதுல இருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கும்.

—

கணிமரம்:

கடிகாரம்: மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மின்ட் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்து உலக நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. அதனால்தான் துல்லியமாக 5.30. மின்ட் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் மின்ட்டும் விண்டோஸ் வழிக்கு வந்துவிடும். ‘இது சிக்கல் தரலாம்’ என்று ஓர் எச்சரிக்கை காட்டும். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளுக்கான எச்சரிக்கைதான் பெரும்பாலும். இந்தியாவில் அது கிடையாது என்பதால் கவலையில்லை. டேலி உள்ள கணினியில் தேதி தப்பினால் வவுச்சர் தேதியும் தப்பும், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

பிறகு மின்ட்டின் மீட்புக் கருவியான டைம்ஷிஃப்ட் திறந்து ஆர்சின்க் முறையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். தினசரி இரண்டு, வாராந்தரம் இரண்டு போதும். அதற்கான இடம் இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். கேடியில் உள்ள என்டிஎஃப்எஸ் டி-யைக் காட்டினால் ஏற்காது. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கும். ஹோம் அடைவு அதில் இயல்பாகச் சேராது, உங்கள் ஆவணங்களுக்குத் தனி நகல் வேண்டும்.

—

சிற்றோடை:

இடையில் ஒரு கேள்வி. ஆட்டம் என்270 செயலி, 2 ஜிபி ரேம் உள்ள நெட்புக்கில் இதே மின்ட் 22 போடலாமா?

—

கணிமரம்:

முடியாது. என்270 32 பிட் செயலி. மின்ட்டின் முதன்மை வரிசை 20-லிருந்தே 64 பிட் மட்டும்தான். டெபியனை அடிப்படையாகக் கொண்ட எல்எம்டிஇ 6-இல் 32 பிட் ஐஎஸ்ஓ இருந்தது. எல்எம்டிஇ 7-இல் அதுவும் நின்றுவிட்டது. போட்டாலும் இன்றைய இணையப் பக்கங்கள் அந்தச் செயலியில் நகராது. நெட்புக் என்450 ஆக இருந்தால் 64 பிட் ஏறும், வேகம் மட்டும் அதேதான்.